முப்பத்தொண்ணாம் பாடம்

சார், அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி விட்ருங்க, வெயில் மூஞ்சியிலயே அடிக்குது. ம், போதும் போதும். விளாத்திகுளமா? ஆபீஸ் வேலையா? சட்டைப் பையில பேனா குத்தியிருக்கீங்க, அதான் கேட்டேன். இப்பல்லாம் யாரு சார் பேனா வச்சிருக்கா. நான் அதுக்கு முன்னாடியே நத்தம் பாதை பிரியுற விலக்குல இறங்கிருவேன். ஒரு பிள்ளையைப் பாக்கப் போறேன். சொந்தமெல்லாம் இல்ல. சொந்தமாம்! என் கம்பெனியை மூட வச்ச பிள்ளை சார் அது. வயசு பதினஞ்சு.

சிரிக்கீங்க. சிரிக்கத்தான் செய்வீங்க. நானும் வேற யாரும் சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன்.

'டக்குனு கணக்கு'ன்னு போன்ல ஒரு ஆப், கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லியா? சரி விடுங்க. அது நான் ஆரம்பிச்சது. கோவில்பட்டியில கனகு சார்னு கேட்டுப் பாருங்க, கனகசுந்தரம்னா தெரியாது, கனகு சார்னா தெரியும். பதினெட்டு வருஷம் கணக்கு டியூஷன். பேங்குக்கு மேல மாடி, ஒரே ஹாலு, ஒரு நேரத்துக்கு அறுபது பிள்ளைங்க. ஒவ்வொரு கணக்கும் போட்டு முடிச்சதும் திரும்பிப் பாத்து "புரிஞ்சுதா?"ம்பேன். அறுபது வாயும் ஒண்ணா, "புரிஞ்சுது சாஆர்!" கீழ இருக்கிற மேனேஜர் ஒரு நாள் மேல வந்து, "சார், நீங்க கேக்குறது கேக்கல, அதுங்க பதில் மட்டும் கேக்குது"ன்னாரு. அப்பிடி ஒரு சத்தம். பதினெட்டு வருஷத்துல ஒருத்தன், ஒரே ஒருத்தன், புரியலன்னு சொன்னதில்ல.

இல்ல, பொய் சொல்லக் கூடாது, ஒருத்தன் சொன்னான். ஆரம்பத்துல. அவனை எந்திரிக்கச் சொல்லி, "எல்லாரும் அப்பிடியே உக்காருங்கடே, இவனுக்குப் புரியலையாம், புரியுற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது"ன்னேன். விளையாட்டுக்குத்தான் சார். அஞ்சே நிமிஷத்துல புரிஞ்சுதுன்னுட்டான். அதுக்கப்புறம் என் கிளாஸ்ல யாருக்குமே சந்தேகம் வந்ததில்ல. அப்பிடி நடத்துனேன் நான்.

சரி, கதைக்கு வாரேன். கொரோனாவுல டியூஷனைப் பூட்டினாங்கல்லா, அப்ப என்கிட்டப் படிச்ச பிள்ளை ஒருத்தி வந்தா. தெய்வானைன்னு பேரு. கம்ப்யூட்டர் படிச்சுட்டு மெட்ராஸ்ல வேலையில இருந்தவ, ஊருக்கு வந்து உக்காந்திருந்தா. "சார், உங்க பாடத்தைப் பத்துப் பத்து நிமிஷமா வீடியோ எடுப்போம், நான் ஆப் செஞ்சு தாரேன், பத்தாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு அடிப்படையிலேருந்து சொல்லிக் குடுப்போம்"னா. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. ஊர்ப்பக்கத்துப் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு? பெரிய பெரிய கம்பெனி ஆப்பெல்லாம் இங்கிலீஷ்ல, கரடி ஆடுது, ரோபோ பாடுது. நம்ம பிள்ளைக்கு நம்ம பேச்சுல ஒருத்தன் சொல்லணுமா இல்லையா? புரியுதுங்களா?

ம். உங்களுக்குப் புரியுது.

பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்ல சார். எங்க வீட்டு மாடியில தகர செட்டு. ஃபேன் ஓடினா வீடியோவுல உர்ருங்குதுன்னு ஃபேனை நிறுத்திட்டு, சித்திரை மாசம், முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு நான் பாடம் நடத்துதேன். பாதியில கோயில் ரேடியோ ஆரம்பிச்சிரும். முதல்லேருந்து எடு. அது நிக்கும், நாய் குலைக்கும். முதல்லேருந்து எடு. ஒரு பித்தாகரஸை பதினோரு தடவை எடுத்தோம். வியர்வை வழிஞ்சு கண்ணுல இறங்கி நான் தொடைக்கிறதைப் பாத்துட்டு, ஒரு தாய் போன் போட்டு, "சார் ஏன் அழுதாரு"ன்னு கேக்கா. வீட்டுக்கு ஒரு போன், அந்த போனும் அப்பன் கையில. அப்பன் வேலை முடிஞ்சு வந்தாத்தான் பிள்ளைக்குப் பாடம். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொன்னா, வாத்தியார்மாரு, "நாங்க எதுக்கு இருக்கோம்"ங்காங்க. அதையெல்லாம் தாண்டி ரெண்டாயிரத்து நானூறு பிள்ளைங்க சேந்துச்சு சார். ரெண்டாயிரத்து நானூறு! பெருமையா இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன்.

ஒவ்வொரு பாடத்துக்கும் கடைசியில என் மூஞ்சி வரும். "புரிஞ்சுதா?"ன்னு கேப்பேன். ரெண்டு பட்டன். பச்சையில 'புரிஞ்சுது', சிவப்புல 'புரியல'. பச்சையை அமுக்கினா அடுத்த பாடம் திறக்கும். சிவப்பை அமுக்கினா அதே பாடம் திரும்ப ஓடும். அது என் யோசனை. தெய்வானை, "சார், அதே பாடத்தை அப்பிடியே திரும்பப் போட்டா எப்பிடிப் புரியும், வேற மாதிரி சொல்லி ஒண்ணு எடுப்போம்"னா. வேற மாதிரின்னா? சரியான பாடத்தை எத்தனை மாதிரி சொல்றது? அதுக்குப் பதிலா, ஒரு கலகலப்புக்கு, சிவப்பை அமுக்கினதும் என் குரல் வரும்: "கவனிச்சாத்தானே புரியும்! மறுபடியும் பாரு!" நல்லா ஏத்தி இறக்கிப் பேசியிருப்பேன். பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது.

பிடிச்சுதுன்னு எப்பிடித் தெரியும்னு கேக்கீங்க. சிவப்பையே யாரும் அமுக்கலையே! நூத்துக்கு நூறு பச்சை சார். கம்ப்யூட்டர்ல பாத்தா நாத்தங்கால் மாதிரி ஒரே பச்சையாக் கிடக்கும். நான் காலையில காப்பி குடிக்கையில அதைத்தான் பாப்பேன்.

அப்பத்தான் மதுரையில ஒரு டிரஸ்ட். பேரு வேண்டாம். நாப்பது பள்ளிக்கூடத்துல சாயங்கால வகுப்பு நடத்துறவங்க. இந்தப் பச்சையைப் பாத்துட்டு அவங்களே போன் பண்ணினாங்க. "நேர்ல வந்து பாக்கோம், சரியா இருந்தா நாப்பது பள்ளிக்கூடத்துக்கும் உங்க ஆப்தான்"னு. சார், ஒரு மனுஷனுக்கு இதைவிட என்ன வேணும்? அது கிடைச்சா கம்பெனி நிக்கும். கிடைக்கலன்னா இல்ல. அவ்வளவுதான் கணக்கு. டியூஷன் ஹாலையும் நான் அதுக்கு முன்னாடியே காலி பண்ணிட்டேன்.

அவங்க வாரதுக்கு ஒரு மாசம் இருக்கும்போது முப்பத்தொண்ணாம் பாடத்துல சிவப்பு விழ ஆரம்பிச்சுது.

முப்பத்தொண்ணு ஒண்ணும் பெரிய பாடம் இல்ல சார். மைனஸையும் மைனஸையும் பெருக்கினா பிளஸ். அவ்வளவுதான். சின்னக் கிளாஸ்ல படிச்சிருக்க வேண்டியது, அடிப்படைன்னு போட்டு வச்சிருந்தோம். அதுல ஒரே நம்பர்லேருந்து சிவப்பு, சிவப்பு, சிவப்பு. ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. ரெண்டாயிரத்து நானூறு பேருக்குப் புரிஞ்சது ஒருத்தனுக்கு மட்டும் எப்பிடிப் புரியாமப் போகும்? வேணும்னே பண்றான்னு எனக்குப் பட்டுச்சு. தெய்வானையைக் கூப்பிட்டு அந்த நம்பரைத் தூக்குன்னேன். "சார், ஒரு போன் போட்டுக் கேப்பமா?"ன்னா. "என்னத்தக் கேக்க, தூக்கு"ன்னேன். தூக்கினா. ரெண்டே நாள், வேற நம்பர். அதே முப்பத்தொண்ணு. அதே சிவப்பு. அதையும் தூக்கினோம். அடுத்தது. ஒன்பது நம்பர் சார்! எல்லாம் ஒரே பக்கத்து டவர். அப்ப நான் முடிவே பண்ணிட்டேன், போட்டிக்காரன் ஆள் வச்சு அமுக்குறான், டிரஸ்ட்காரங்க வாரது தெரிஞ்சு போச்சுன்னு. எட்டயபுரத்துல ஒருத்தன் புதுசா டியூஷன் சென்டர் போட்டிருந்தான், அவன் மேல எனக்கு ஒரு கண்ணு. இப்பவும் அவன் யோக்கியன்னு சொல்ல மாட்டேன்.

எனக்குத் தெரியாம தெய்வானை அந்த ஒன்பது நம்பருக்கும் போன் பண்ணியிருக்கா. முதலாளி வேண்டாம்னு சொன்ன வேலையை! ஒரு நம்பர் ஒரு அம்மாவோடது, சீமைக்கருவேலம் வெட்டி கரிமூட்டம் போடுறவங்க. ஒண்ணு பிள்ளையோட மாமன். ஒண்ணு டீக்கடை. ஒண்ணு மினிபஸ் டிரைவர். ஒண்ணு ரேஷன் கடையில எடை போடுறவரு. ஒண்ணு, சாமி சத்தியமா, கோயில் பூசாரி. எல்லாரும் ஒரே பதிலு: "நம்ம இசக்கிப்பிரியா படிக்கணும்னு கேட்டுச்சு, போனைக் குடுத்தேன்." ஒரே பிள்ளை. நாங்க ஒரு நம்பரைத் தூக்கத் தூக்க, அடுத்த வீட்டுல போய் போன் கேட்டிருக்கு.

என்கிட்ட இதைச் சொல்லியிருக்கணுமா இல்லையா அவ? சொல்லல. "சொன்னா என்ன சார் பண்ணியிருப்பீங்க, பத்தாவது நம்பரையும் தூக்கச் சொல்லியிருப்பீங்க"ன்னா பிறகு. எப்பிடிப் பேச்சு பாருங்க.

அந்த நாள் வந்துச்சு. டிரஸ்ட்லேருந்து ஒரு மேடம், கண்ணாடி போட்டவங்க, கூட ரெண்டு பேரு. நான் நல்ல பிள்ளைங்களா மூணு பேரைக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருந்தேன். மூணும் இருநூறு பாடம் முடிச்சதுங்க, அத்தனையும் பச்சை. மேடம் ஒவ்வொருத்தர்கிட்டயும், "சார் நடத்துறது புரியுதா?"ன்னாங்க. "புரியுது மேடம்." எனக்கு உச்சி குளுந்து போச்சு. அப்ப அந்தம்மா மெதுவா, "எங்க, ஒரு பாடம் சொல்லுங்க பாப்போம்"னாங்க. சார், மூணும் ஒண்ணை ஒண்ணு பாக்குது. முதல் பிள்ளை தரையைப் பாக்குது. ரெண்டாவது என்னையப் பாக்குது. நான் கண்ணால ஜாடை காட்டுதேன், சொல்லு சொல்லுன்னு. மூணாவது பையன் எந்திரிச்சு, கையைக் கட்டிக்கிட்டு, "புரிஞ்சுது மேடம்"ங்கான். சொல்லுடான்னா, "நல்லாப் புரிஞ்சுது மேடம்"ங்கான்!

பயம் சார். புது ஆளுங்களைப் பாத்தா பிள்ளைங்க பயப்படத்தானே செய்யும்?

அந்த நேரம் பாத்து தெய்வானை கதவைத் திறந்து ஒரு பிள்ளையையும் அது அம்மாவையும் கூட்டிட்டு உள்ள வாரா. யூனிஃபார்ம், ரெட்டைச் சடை, கையில ஒரு நோட்டு. "மேடம், இவ இசக்கிப்பிரியா. எங்க ஆப்ல புரியலன்னு சொன்ன ஒரே ஸ்டூடண்ட். அதுக்காகவே இவளை ஒன்பது தடவை தூக்கிட்டோம்"ங்கா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டாளே பாவின்னு நிக்கேன்.

மேடம் அதை உக்கார வச்சுக் கேட்டாங்க, "உனக்கு என்னம்மா புரியல?" அந்தப் பிள்ளை எந்திரிக்கக் கூட இல்ல. உக்காந்தபடியே சொல்லுது: "மைனஸ் மூணை ரெண்டு தடவை கூட்டினா மைனஸ் ஆறு. அது புரியுது. ஆனா மைனஸ் ரெண்டு தடவைன்னா எத்தனை தடவை? தடவை எப்பிடி மைனஸ்ல வரும்?"

என்னையப் பாத்துக் கேக்குது சார். எல்லாரும் என்னையப் பாக்காங்க. நான் சொன்னேன், "அது ரூலும்மா." "யாரு போட்ட ரூல் சார்?"ங்குது. மரியாதையாத்தான் கேட்டுது, அதுல குத்தம் சொல்ல மாட்டேன். எனக்குத்தான் சுர்ருன்னு வந்துருச்சு. "கவனிச்சாத்தானே புரியும்!"னுட்டேன். வாய்ல தன்னால வந்துருச்சு. உடனே அந்தப் பிள்ளையோட அம்மா சிரிச்சுட்டாங்க. "ஏ பிரியா, அந்த போன்ல பேசுறவரு இவருதானா?"ன்னு.

நான் விடல. "ஏம்மா, இந்த ஒரு பாடத்துல ஏன் ஒரு மாசமா நிக்க? பேசாம பச்சையை அமுக்கிட்டு மேல போகவேண்டியதுதானே? எல்லாரும் போறாங்கல்லா?"ன்னு கேட்டேன். நியாயமான கேள்விதானே? அந்தப் பிள்ளை என்னைய ஒரு மாதிரி பாத்துச்சு. கிண்டல் இல்ல, நெசமாவே குழம்பிப் போயி, "புரிஞ்சுதான்னுதானே சார் கேட்டிருக்கு?"ன்னுச்சு.

மேடம் தன் நோட்டை மூடிட்டாங்க. வாசல்ல வச்சு, "சார், எங்களுக்கு அந்தப் பொண்ணு மாதிரி நாப்பது பள்ளிக்கூடத்துலயும் கேள்வி கேக்குற பிள்ளைங்க வேணும். உங்க ஆப் அதுங்களைத் தூக்கிருது"ன்னாங்க. போயிட்டாங்க. அவ்வளவுதான். ஒரு பட்டனுக்காக சார். ஒரு பட்டன்!

தெய்வானையை அன்னைக்கு நான் வஞ்ச வசவுக்கு அளவில்ல. அவ அழல. "நான் உங்க டியூஷன்ல ரெண்டு வருஷம் படிச்சேன்லா சார், ரெண்டு வருஷமும் புரிஞ்சுது சார்னு கத்தியிருக்கேன். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன். எனக்கும் அது இன்னைக்கு வரைக்கும் தெரியாது, மைனஸ் ரெண்டு தடவைன்னா என்னன்னு"ன்னா. நன்றி கெட்ட பேச்சா இல்லையா? தொண்ணூத்தி ரெண்டு மார்க் வாங்கினவ சார் அவ! தெரியாமயா வாங்குவா?

இந்தாங்க, கடலை எடுத்துக்கிடுங்க. சரி.

இப்ப எதுக்குப் போறேன்னு கேக்கலையே. இந்த மாசக் கடைசியோட ஆப் நின்னுரும். பிள்ளைங்களெல்லாம் போயாச்சு, அந்தப் பிள்ளை மட்டும் இன்னும் முப்பத்தொண்ணுலயே நிக்குது. அன்னைக்கு ராத்திரியே தெய்வானை அது நம்பரைத் திறந்து விட்டுட்டா, அது வேற கதை. போன வாரம் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். அந்தப் பிள்ளை குரல். "சார், எனக்கு செவ்வாய்க்கிழமை கணக்குப் பரீட்சை. அதுக்கு மேல உள்ள பாடமெல்லாம் பாக்கணும் சார். பதினொண்ணாப்புல கணக்கு குரூப் எடுக்கணும்னு ஆசை. நீங்க ஒரு தடவை வந்து சொல்லிட்டீங்கன்னா நான் பச்சையை அமுக்கிருவேன் சார்."

பச்சையை அமுக்கிருவேன்னுச்சு சார்! அது ஒண்ணுதான் சிவப்பு. அது பச்சை ஆச்சுன்னா மொத்தமும் பச்சை. நூத்துக்கு நூறு. அப்பிடியே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து மதுரைக்கு அந்த மேடத்துக்கு அனுப்பிரணும். "பாத்துக்கிடுங்க"ன்னு ஒரு வார்த்தை. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு. கம்பெனி போனா போகுது சவம்.

சார், ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க என்ன படிச்சிருக்கீங்க? இன்ஜினியரிங்கா? அடடே. அப்ப, உங்களுக்குத் தெரியாம இருக்காது, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கேன்... அது ஏன் பிளஸ் வருது?

இல்ல, எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமயா! அந்தப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி எப்பிடிச் சொல்லலாம்னுதான்.

பேனாவை எடுக்கீங்களா? இந்தாங்க, இந்தக் கடலைப் பொட்டலத் தாள்ல எழுதுங்க. ம். மைனஸ் மூணு ரெண்டு தடவை, மைனஸ் ஆறு. சரி. ஒரு தடவை, மைனஸ் மூணு. சரி. பூஜ்யம் தடவை, பூஜ்யம். ஆமா. அதனால? தடவை ஒண்ணு ஒண்ணாக் குறையுது, விடை மூணு மூணாக் கூடுது... எங்க கூடுது, ஆறு, மூணு, பூஜ்யம், குறையத்தானே செய்யுது? ஓ, மைனஸ் ஆறு. மைனஸ் ஆறுலேருந்து மைனஸ் மூணுக்கு வாரது கூடுறதா? ம். அதே மாதிரி பூஜ்யத்துக்குக் கீழ ஒரு தடவை இறங்கினா... ம்... இங்க பிளஸ் மூணு. இங்க ஆறு. ம்.

ம்.

புரிஞ்சுது சார். நல்லாப் புரிஞ்சுது. அந்தத் தாளைக் குடுங்க, அப்பிடியே கொண்டு காட்டிருதேன். இன்ஜினியர்னா இன்ஜினியர்தான்.

அந்தா தெரியுது பாருங்க வேப்பமரம், அதான் நத்தம் விலக்கு. அதுக்கடியில நிக்குல்லா, நோட்டை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு, அதுதான் அந்தப் பிள்ளை. வெயில்ல எம்புட்டு நேரமா நிக்குதோ.

என்ன சார்? "எங்க, சொல்லுங்க பாப்போம்"ஆ?

கண்டக்டர், விலக்கு, விலக்கு, ஆள் இறங்கணும்ப்பா. விசிலை ஊதுய்யா!